நெய்தல் நிலத்து மெல்லிசை

ஐவகை நிலங்களுக்கும் அவ்வவற்றுக்குரிய இசையை வகுத்த பழந்தமிழர் நெய்தலுக்கு விளரி யாழை வைத்தனர். இரங்கலை அதன் உரிப்பொருளாக்கினர். கடலோரத்தில் வாழ்வோர்க்கு வாழ்நாளின் பெரும்பகுதி காத்திருத்தலிலேயே கழியும் என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர் போலும். தொழிலுக்குப் போனவன் கரை திரும்பும்வரை காத்திருத்தல், சோளகக் காற்றுத் தணியும்வரை வள்ளத்தைக் கரையேற்றிவிட்டுக் காத்திருத்தல், தூரத்து ஊரிலிருந்து வரவேண்டிய கடிதத்துக்காகத் தபாற்கந்தோர் வாசலிற் காத்திருத்தல் எனக் காத்திருப்பு பலவகைப்படும். இத்தகைய காத்திருப்புக்குத் துணையாக வரும் இசை ஆரவாரமுடையதாக இருத்தல் இயலாது. அது மெல்லியதாய், கேட்பவனிடம் பெரிய உழைப்பெதையும் வேண்டாததாய், அருகிலிருந்து ஒருவர் பேசுவது போன்றதாய் இருத்தல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே பாக்கு நீரிணையிற் கிடக்கும் தீவகத்துக்கு அத்தகைய இசை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வானொலி வழியாக வந்து சேர்ந்தது. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்களில் அறுபதைக் கடந்த எவரிடமேனும் பழைய பாடல்களைப் பற்றிக் கேட்டால், அவர் முதலிற் பாடலைச் சொல்லார். அதைக் கேட்ட இடத்தையே சொல்வார். இன்ன வீட்டு விறாந்தை, இன்ன கடை வாங்கு, இன்ன கோயிற் பனை என்றே அவர் நினைவு தொடங்கும். பாடல் எங்கோ பிறந்தது; இடமோ அவருடையது. இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றாயின என்பது ஆராயத்தக்கது.

மெல்லிசை என்ற சொல்லால் இங்குக் குறிக்கப்படுவது, ஏறத்தாழ 1950 முதல் 1975 வரையான காலத்தில் வழங்கிய இனிய, எளிய பாட்டு மரபு ஆகும். அதற்கு முந்திய திரைப்பாடல்கள் பெரும்பாலும் கருநாடக இசையின் கீர்த்தனை வடிவத்தைத் தழுவியவை. பாடுவோர் மேடையில் நின்று ஆயிரம் பேருக்குக் கேட்கப் பாடுமாறு குரலெடுத்துப் பாடினர். ஒலிவாங்கியின் நுட்பம் வளர்ந்தபின் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ் போன்றோர் காதோடு சொல்வதுபோற் பாடத் தொடங்கினர். எழுபத்தெட்டுச் சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடும். அந்தச் சிறிய எல்லைக்குள் பல்லவியும் அனுபல்லவியும் சரணங்களும் இடையிசையும் அடங்கவேண்டியிருந்தமையால், சொற்செட்டு என்பது பாட்டுக்கு இயல்பாகவே வந்து சேர்ந்தது. 1959இல் வெளிவந்த 'கல்யாணப் பரிசு' படத்துக்கு ஏ. எம். ராஜாவே இசையமைத்தார். 1961இல் 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' ஆகிய மூன்று படங்களும் எம். எஸ். விஸ்வநாதன், டி. கே. ராமமூர்த்தி இருவரின் இசையுடன் வெளிவந்தன. 1963இல் அவ்விருவருக்கும் 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் சூட்டப்பட்டதும், 1965இல் அவர்கள் தனித்தனி வழி சென்றதும் இசை அன்பர் அறிந்தனவே. கண்ணதாசனின் சொல்லும், பி. சுசீலாவின் குரலும், புல்லாங்குழலும் வயலினும் அளவோடு கலந்த அந்த இசை, தமிழர் வாழ்ந்த நாடுகள் எங்கணும் ஒரு தலைமுறையின் செவியைப் பழக்கிற்று.

இப்பாடல்கள் சென்னையிற் பிறந்தவை. எனினும் அவற்றை உலகறியச் செய்ததில் கொழும்புக்கு ஒரு தனிப்பங்கு உண்டு. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசெம்பரில் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நேசநாட்டுப் படையினருக்கென ஏக்கலையில் நூறு கிலோவாற்று வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்தபின், 1949இல், அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 செப்டெம்பரில் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. போருக்கென வந்த பொறி பாட்டுக்குப் பயன்பட்டமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. இதே வேளையில், 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களைத் தரங்குறைந்தவை எனக் கருதி அகில இந்திய வானொலியில் அவற்றைப் பெரிதும் ஒதுக்கினார். சாத்திரிய இசையைக் காக்க எண்ணிய அந்த முடிவு இந்திய நேயர்களைக் கொழும்பின் பக்கம் திருப்பிவிட்டது. 1957 ஒக்டோபரில் 'விவித பாரதி' தொடங்கப்படும்வரை, தொடங்கப்பட்ட பின்னரும் நெடுநாள், தமிழ்நாட்டின் சிற்றூர்கள் தம் சொந்தப் பாடல்களை இலங்கை வானொலியிற் கேட்டு மகிழ்ந்தன.

பாக்கு நீரிணையின் நடுவே கிடந்த தீவகத்தாருக்கோ இரு கரையும் ஒரேயளவு அண்மை. உவர் நீரின் மேலாகச் செல்லும் மத்திய அலை, நிலத்தின் மேலாகச் செல்வதிலும் குறைவாகவே வலுவிழக்கும் என்பது இயற்பியல் உண்மை. ஆதலால், 1939இல் தொடங்கப்பட்ட திருச்சி வானொலி நிலையத்தின் ஒலி கடலைக் கடந்து தீவகத்தில் தெளிவாகக் கேட்டது. காலையிலே திருச்சியின் நாதஸ்வரம், பின்னர் கொழும்பின் திரையிசை என்று ஒரே பெட்டியின் முள்ளை இப்புறமும் அப்புறமும் திருப்பி இரு நாட்டையும் அவர்கள் ஒரு வீட்டுக்குள் வைத்துக்கொண்டனர். கடவுச்சீட்டும் சுங்கமும் மனிதரைத் தடுத்தன. பாட்டை அவை தடுக்கவில்லை.

அக்காலத்தில் தீவகத்தில் மின்சாரம் எட்டாத வீடுகளே மிகுதி. வெற்றிடக் குழாய்கள் கொண்ட பழைய வானொலிப் பெட்டி பெரிய உலர் மின்கலத்தால் இயங்கும். அது வசதி படைத்தோர் வீட்டில் மட்டுமே இருந்தது. உரிமக் கட்டணம் செலுத்தி, பின்னல் விரிப்பால் மூடி, சாய்மனைக் கதிரைக்கு அருகே உயர்ந்த மேசையில் அதனை வைத்திருப்பர். ட்ரான்சிஸ்டர் வானொலி பரவியபின் நிலைமை மாறிற்று. மீன் வாடியிலும், புகையிலைத் தோட்டத்துக் கிணற்றடியிலும், பனை ஏறுவோன் சைக்கிளிலும் பாட்டு ஒலிக்கலாயிற்று. பற்றறி வலுக் குறைந்தால் அதை வெயிலில் காயவைத்து மறுபடி ஒருநாள் கேட்பது வீட்டுக்கு வீடு அறிந்த உத்தி. மாலையில் சிற்றலை ஒலி அலையோடு அலையாக எழுந்தும் தாழ்ந்தும் வரும். அந்த ஏற்றத்தாழ்வைத் தீவகத்தார் குறையாகக் கொள்ளவில்லை. கடலருகே வாழ்வோர்க்கு எல்லா ஒலியும் அவ்வாறே வரும்.

இப்பாடல்கள் தீவகத்தில் இத்துணை ஆழமாக வேரூன்றியமைக்கு அவற்றின் இனிமை மட்டும் காரணமன்று. தீவகத்து ஆடவர் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்தோ, கடைகளில் வேலை பார்த்தோ வாழ்ந்தனர். சித்திரை வருடப் பிறப்புக்கோ கோயிற் கொடியேற்றத்துக்கோ மட்டும் ஊர் வந்து போயினர். புங்குடுதீவில் மனைவியும் பிள்ளைகளும். காலியிலோ கண்டியிலோ கணவன். இருவருக்கும் இடையே கடிதம் செல்ல நாட்களாகும். ஆனால் இரவு ஒலிபரப்பில் ஒரு பாடல் எழுந்தால், அதே கணத்தில், கடையைப் பூட்டிவிட்டுச் சாக்கு மூட்டைகளுக்கிடையே படுத்திருந்தவனும், பிள்ளையைத் தோளிலிட்டு முற்றத்தில் உலாவியவளும் அதைக் கேட்டனர். ஒருவர் கேட்பதை மற்றவரும் கேட்டுக்கொண்டிருப்பார் என்ற நம்பிக்கையே அந்தப் பாட்டுக்கு மெட்டமைத்தவர் நினைத்திராத ஒரு பொருளைச் சேர்த்தது. நெய்தலின் இரங்கல் அங்கே புதிய ஊடகம் ஒன்றைக் கண்டது.

'நீங்கள் கேட்டவை' நிகழ்ச்சிக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டுத் தம் பெயர் வாசிக்கப்படும் நாளுக்காகக் காத்திருந்தோர் எத்தனை பேர்! நாட்டின் தலைநகரிலிருந்து ஒரு குரல் 'நயினாதீவு' என்றோ 'நெடுந்தீவு' என்றோ உச்சரிக்கக் கேட்பது சிறிய செய்தியன்று. நிலப்படத்தில் புள்ளியாகக் கிடக்கும் ஊர் அந்த ஒரு நொடியில் உலகத்தின் நடுவே வந்து நின்றது. பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியில் அப்பா, அம்மா, அம்மம்மா, பெரியப்பா, சின்னம்மா, மாமா, மாமி, மச்சாள் என்று உறவுப் பட்டியல் நீண்டு செல்லும். அதன் முடிவில் ஒரு பாடல் வரும். அதே வானொலி மரண அறிவித்தலையும் கொண்டுவந்தது. தந்தி பிந்தினாலும் வானொலி பிந்தாது என்பதால், பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த வீடு திடீரென அழுகை வீடாவதும் உண்டு. இன்பத்துக்கும் துன்பத்துக்கும் ஒரே வாசலாக இருந்தமையால் அந்தப் பெட்டியைத் தீவகத்தார் பொழுதுபோக்குக் கருவியாக மட்டும் கருதவில்லை. வீட்டில் வாழும் ஒருவராகவே மதித்தனர்.

வானொலிக்கு வெளியே பாட்டின் மற்றொரு இருப்பிடம் கோயில் ஒலிபெருக்கி. ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு அடியார்கள் படகுபடகாக வருவர். அத்தகைய திருவிழாக் காலங்களில் தீவகத்துக் கோயில்களில் குழாய் ஒலிபெருக்கிகளை உயர்ந்த பனைகளின் உச்சியிற் கட்டுவர். ஒலிபெருக்கி பூட்டுவோர் வந்து இறங்கியதும் சிறுவர் கூட்டம் அவர்களைச் சூழ்ந்துகொள்ளும். விடியலில் சீர்காழி கோவிந்தராஜனும் டி. எம். சௌந்தரராஜனும் பாடிய பக்திப் பாடல்கள். பூசை முடிந்தபின் மெல்ல மெல்லத் திரையிசை. மின்பிறப்பாக்கியின் இரைச்சலையும் மீறிக் காற்று அதை வயல்வெளியில் பரப்பும். நாதஸ்வரமும் தவிலும் வீதியில் முழங்க, அவற்றின் ஓய்வு நேரத்தில் இசைத்தட்டு சுழலும். பெருங்கலையும் சிறுகலையும் பகையின்றி ஒரே வீதியில் வாழ்ந்த காலம் அது.

இலங்கை வானொலியின் புகழுக்குப் பாடல்களைப் போலவே அவற்றை அறிமுகஞ் செய்த குரல்களும் காரணமாயின. எஸ். பி. மயில்வாகனன் தொடக்கிவைத்த வழியில் இராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலியோர் பாடலுக்கு முன்னும் பின்னும் பேசிய சில வாக்கியங்களை நேயர்கள் பாடலின் பகுதியாகவே நினைவிற் கொண்டனர். ழகரமும் லகரமும் ளகரமும் பிசகாத அவர்களின் தமிழைப் பள்ளி ஆசிரியர்கள் மாணவருக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னதுண்டு. 'பொங்கும் பூம்புனல்' தொடங்கினால் நேரம் என்ன என்பது மணிக்கூடு இல்லாத வீட்டுக்கும் தெரியும். பாடலின் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என எல்லோர் பெயரையும் முறையாகச் சொல்லிய அந்த வழக்கத்தால், படத்தையே பாராத தீவகத்து மூதாட்டியும் இசையமைப்பாளரின் பெயரை அறிந்திருந்தார். கலைஞனுக்குச் செலுத்தப்படும் மிக எளிய மரியாதை அவன் பெயரைச் சொல்வதே என்பதை அவர்கள் அறிவிப்பால் கற்பித்தனர்.

இவ்விடத்தில் ஓர் உறுத்தலான வினா எழுகின்றது. தீவகத்தார் ஏங்கும் இசை அவர்களுடையதா? பாடல்களில் வந்த ஆறும் சோலையும் மலையும் தீவகத்தில் இல்லாதவை. அங்கே உள்ளவை முருகைக்கல் வேலியும், வடலிக் கூடலும், நெடுந்தீவுப் புற்றரையில் மேயும் கட்டாக் குதிரைகளும். இவற்றைப் பாடிய மெல்லிசையும் இருந்தது. இலங்கை வானொலி ஈழத்துக் கவிஞர்களின் பாடல்களுக்கு இந்நாட்டுக் கலைஞரைக் கொண்டே இசையமைத்து, 'மெல்லிசைப் பாடல்கள்' என்ற பெயரில் ஒலிபரப்பிற்று. எம். கே. றொக்சாமி, ஆர். முத்துசாமி போன்றோர் இசை வகுத்தனர், எஸ். கே. பரராஜசிங்கம், கலாவதி சின்னச்சாமி, வி. முத்தழகு முதலியோர் பாடினர். நித்தி கனகரத்தினமும், 'சிலோன் மனோகர்' என அறியப்பட்ட ஏ. ஈ. மனோகரனும் பைலாவின் தாளத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சையும் நகைச்சுவையையும் ஏற்றித் துள்ளிசையாக்கினர். நெடுந்தீவைக் களமாகக் கொண்ட செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல் 1978இல் திரைப்படமாக வந்தபோது, அத்தீவின் வாழ்வுக்குத் திரையிலும் ஓர் இடம் கிடைத்தது.

எனினும், உண்மையை மறைத்தல் ஆகாது. நேயர்கள் அஞ்சலட்டை எழுதிக் கேட்டவை பெரும்பாலும் சென்னைப் பாடல்களே. உள்ளூர்ப் பாடலுக்கு இசைத்தட்டு இல்லை, திரையில்லை, திரும்பத் திரும்பக் கேட்கும் வாய்ப்பு இல்லை. பழக்கத்தாலன்றிப் பாட்டு மனத்திற் பதிவதில்லை. ஆகவே இன்று பழம்பாடல் என்றவுடன் தீவகத்தார் நாவில் எழுவது அயற்கரையின் பாடலே. இதனை அடிமை மனப்பான்மை எனச் சிலர் கடிந்துரைப்பர். அக்கண்டனத்தில் ஒரு பாதி நியாயம் உண்டு. மறுபாதியும் சொல்லப்படவேண்டும். ஒரு பாட்டைத் தன்னுடையதாக்குவது அது பிறந்த இடமன்று. அதைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்த வாழ்வே. சென்னையில் எழுதப்பட்ட தாலாட்டால் நெடுந்தீவுத் தாய் தன் பிள்ளையை உறங்கவைத்த பின்னர், அது நெடுந்தீவுத் தாலாட்டு அல்ல என்று எவர் சொல்ல இயலும்?

பழமையைப் போற்றுவோர் மறக்கும் வேறொன்றும் உண்டு. அந்த இனிய பாடல்கள் ஒலித்த காலம் எல்லோர்க்கும் இனிய காலமாக இருக்கவில்லை. அதே தேநீர்க் கடைகளில் ஒருசாராருக்குத் தனிக் குவளை வைக்கப்பட்டது. அதே கோயில்களின் வாயிலில் சிலர் தடுத்து நிறுத்தப்பட்டனர். 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் யாழ்ப்பாணச் சமூகத்தின் அந்த முகத்தை உலகுக்குக் காட்டிற்று. பனையுச்சியில் கட்டிய ஒலிபெருக்கி மட்டும் வேலி பார்க்கவில்லை. வீதிக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் காதிலும் அது அதே பாடலை அதே அளவில் இட்டது. இதனால் அநீதி குறைந்துவிடவில்லை. பாட்டால் பசியும் இழிவும் தீர்ந்ததாக எவரும் சொல்லார். ஆனால் ஒரு சமூகம் மனமுவந்து பகிர்ந்துகொள்ளாத சமத்துவத்தைக் காற்று தானாகவே பகிர்ந்தது என்ற உண்மை, அந்நாளைய இன்பத்தோடு சேர்த்து எண்ணத்தக்கது. அக்குறையை நீக்கிவிட்டுப் பாடலை மட்டும் நினைப்பது முழு நினைவாகாது.

1977இன் பின் இறக்குமதித் தடைகள் தளர்ந்தபோது கசெற் கருவிகள் வந்தன. பாடற் பட்டியலை எழுதிக்கொண்டு யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போய்ப் பதிவு செய்வித்து வருவது இளைஞரின் வழக்கமாயிற்று. காத்திருந்து கேட்ட பாடல் வேண்டியபோதெல்லாம் கேட்கும் பாடலாக மாறிற்று. ஆனால் அந்த வசதியை நெடுநாள் துய்க்கத் தீவகத்தாருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1983இன் வன்செயல் தென்னிலங்கையில் அவர்கள் கட்டியெழுப்பிய கடைகளையும் வாழ்வையும் அழித்தது. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த 'குமுதினி' படகில் குழந்தைகள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலிற் கொல்லப்பட்டனர். 1990ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் தீவக மக்களிற் பெருந்தொகையினர் ஊரைவிட்டு வெளியேறினர். புங்குடுதீவின் கவிஞர் சு. வில்வரத்தினம் 1995இல் வெளிவந்த 'காற்றுவெளிக் கிராமம்' என்ற தம் தொகுப்பில் பாடியது அவ்வாறு வெறுமையான ஊரையே. கூரையற்ற வீடுகளிடையே காற்று மட்டும் இருந்தது.

குடாநாட்டில் அகதிகளாக ஒதுங்கியோருக்கு அங்கும் மின்சாரம் இல்லை. பற்றறியோ தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் எழும் மின்னால் வானொலியை இயக்கினர். அந்த அரிய மின் முதலிற் செய்திக்கே செலவாயிற்று. செய்தி முடிந்தபின் கை ஓயாதிருந்தால் ஒரு பாடல். சுற்றுபவனின் கை தளர்ந்தால் குரலும் தளரும். பாடலை உழைத்துப் பெற்ற அந்த நாட்களைக் கடந்து வந்தவர், இன்று ரொறன்ரோவிலோ பாரிசிலோ கைத்தொலைபேசியை ஒருமுறை தொட்டு அதே பாடலை எழுப்பும்போது கண் கலங்குவாராயின், அதை மூப்பின் பலவீனம் என்று ஒதுக்கிவிடுதல் தகாது. மூன்று நிமிடப் பாடல் ஒன்றுக்குள் இடிந்த விறாந்தையும், இறந்த தமையனும், திரும்பிப் போகமுடியாத முற்றமும் சிதையாமல் இருக்கின்றன. வீடு அழியலாம், அதில் ஒலித்த பாட்டை எந்தக் குண்டும் தாக்குவதில்லை.

குண்டு தாக்காததை மறதி தாக்கும். சென்னைப் பாடல்களுக்கு அந்த அச்சம் இல்லை; அவற்றைக் காக்கப் பெரிய வணிகம் உண்டு. ஈழத்து மெல்லிசைக்கும், அறிவிப்பாளரின் குரலுக்கும், நேயர் எழுதிய அஞ்சலட்டைக்கும், எந்தப் பாடல் எந்த வீதியில் எந்தத் திருவிழாவில் ஒலித்தது என்ற நினைவுக்கும் அத்தகைய காவலர் இல்லை. கே. எஸ். ராஜா 1994இலும், இராஜேஸ்வரி சண்முகம் 2012இலும், ஏ. ஈ. மனோகரன் 2018இலும் மறைந்தனர். அவர்களைக் கேட்ட தலைமுறையும் ஒவ்வொருவராக விடைபெறுகின்றது. நாட்டார் பாடலையும் கூத்தையும் தேடித் தொகுத்த பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இந்த மெல்லிசை நினைவையும் தொகைக்குரிய பொருளாகக் கொள்ளுதல் நன்று. விடுமுறைக்கு ஊர் செல்லும் தீவக மாணவர் ஒவ்வொருவரும் ஒரு முதியவரை அணுகி, அவர் முதன்முதல் வானொலி கேட்ட இடத்தையும், மறக்கவியலாத ஒரு பாடலையும், அதனை யாரோடு கேட்டார் என்பதையும் குறித்து வைப்பின், சில ஆண்டுகளில் எந்த அரச ஆவணத்திலும் காணமுடியாத தீவக வரலாறு ஒன்று உருவாகும். ஒலிப்பதிவு நாடாக்கள் எங்கெங்கு உள்ளனவோ அங்கங்கே அவற்றை எண்மப் படிகளாக மாற்றுவது அதனினும் விரைந்து செய்யவேண்டிய பணி. நாடாவின் பூச்சு மனிதருக்காகக் காத்திராது.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று வகுத்தவர்கள் அந்த இரங்கலைப் பாட்டாக எழுதியும் வைத்தனர். எழுதி வைத்தமையாலேயே ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய கடற்கரை ஒன்றின் காத்திருப்பு இன்றும் விளங்குகின்றது. தீவகத்தின் அண்மைக்கால இரங்கலுக்கும் அந்த அளவு மதிப்பேனும் கிடைத்தல் வேண்டும்.